திராட்சைக்குத் தண்டனை, சீனிக்கு விடுதலையா?

கம்பம் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடை. திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டிவிட்டு வந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் காலேஜில் படிக்கும் மகள். அடுத்த தோட்டத்துக்காரர் கொடுத்த பன்னீர் திராட்சைக் குலை ஒன்று அவர் துண்டில் முடிந்து மடியில் கிடக்கிறது. ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போடப் போகிறார். மகள் தடுக்கிறாள்.

“வேணாம்ப்பா. உங்களுக்குச் சீனி இருக்குன்னு டாக்டர் சொன்னாருல்ல? நூறு கிராம் திராட்சையில பதினாறு கிராம் சர்க்கரைன்னு போன்ல காட்டுது.”

“சின்னப் பிள்ளையில இருந்து திங்கிறேன் தாயி. அப்பல்லாம் வராத சீனியா இப்ப...”

அவர் சொல்லி முடிக்குமுன் டீ வந்துவிட்டது. இரண்டு கரண்டி சீனி போட்டு ஆற்றிய டீ. காலையிலிருந்து அவருக்கு அது மூன்றாவது டம்ளர். அதை யாரும் தடுக்கவில்லை. மகளுக்கென்று அவர் வாங்கிக் கொடுத்தது ஒரு மாம்பழப் பானம். அட்டைப் பெட்டியின் மேலே பச்சை இலையோடு மாம்பழப் படம். திராட்சைக் குலை மறுபடியும் துண்டுக்குள் போய்விட்டது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. தகப்பன் மீதுள்ள பாசத்தால்தான் தடுத்தாள். அவள் சொன்ன எண்ணும் பொய்யல்ல. நூறு கிராம் திராட்சையில் ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரைச் சத்து இருக்கிறது. நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் 14 கிராம் வரை இருக்கும். எண் சரி. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது தவறான ஆள்!

செல்போனில் சாப்பாட்டுக் கணக்கு எழுதும் வழக்கம் இன்று வாலிபர்களிடையே பரவி வருகிறது. எழுதட்டும். தன் உடம்பைத் தானே கவனிப்பது நல்ல காரியமே. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் பல சமயம் ‘மொத்தச் சர்க்கரை’ என்று ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது. திராட்சையின் 16 கிராமும் கலர் பாட்டிலின் 16 கிராமும் அந்த ஒரே பத்தியில் விழுகின்றன. ராத்திரி கூட்டிப் பார்த்தால் சிவப்பு எழுத்து மிரட்டுகிறது. மறுநாள் வெட்டப்படுவது எது? பழம்தான். டீயை எழுதவே பலருக்கு ஞாபகம் வருவதில்லை. அது மூச்சு விடுவது போல் ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நம் மதுரைச் சீமைப் பேச்சிலேயே இந்த வேற்றுமை தெளிவாக இருக்கிறது. “திராட்சை நல்லா இனிக்குது” என்போம். “டீயில சீனி தூக்கலாப் போடு” என்போம். திராட்சையில் சீனி இருக்கிறது என்று நம் பாட்டிமார் யாரும் சொன்னதில்லை. இனிப்பு வேறு, சீனி வேறு. பாமர ஜனங்களின் இந்தப் பேச்சுக்கு விஞ்ஞானம் 2015-ல் கையெழுத்துப் போட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் அந்த ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், சர்க்கரையை இரண்டாகப் பிரித்தது. கம்பெனியோ, சமையல்காரரோ, நாமோ சேர்க்கிற சர்க்கரை முழுவதும் ஒரு பக்கம். தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதும் அதே பக்கம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இது 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நல்லது. முழுப் பழத்துக்குள்ளும் காய்கறிக்குள்ளும் பாலுக்குள்ளும் தானாக இருக்கிற சர்க்கரையை அந்த வரம்புக்குள் அது சேர்க்கவில்லை.

பழத்துக்குள் நடப்பது என்ன?

ரசாயனத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்பார்கள். மெய்தான். சீனி என்பது குளுகோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பது. திராட்சையில் அதே இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. குடலுக்குப் போனால் சீனியும் பிரிந்து அதே இரண்டாகிவிடுகிறது. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே மடை மடையாகப் பிரிந்து வந்தால் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை நெல் விளைகிறது. அதே தண்ணீர் ஒரே மூச்சில் கரையை உடைத்துக்கொண்டு வந்தால் வயலே போய்விடும். தண்ணீரின் ரசாயனம் இரண்டு நாளும் ஒன்றுதானே!

பழத்தில் சர்க்கரை நுண்ணிய அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அறைச் சுவர்களே நார்ச்சத்து. பல்லால் மென்று, வயிற்றில் அரைபட்டு, சுவர் உடைந்து அது மெதுவாக வெளியே வருகிறது. மெல்லுகிற நேரத்திலேயே வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். ஐந்து வாழைப்பழத்தை ஒரே இருப்பில் தின்பவர் எத்தனை பேர்? ஆனால் முந்நூறு மில்லி கோலா பாட்டிலில் ஏறத்தாழ 32 கிராம் சீனி கரைந்திருக்கிறது. அதை இரண்டு நிமிஷத்தில் குடித்துவிட்டு, பிறகு சாப்பாட்டையும் ஒரு பருக்கை குறைக்காமல் சாப்பிட முடியும். அப்படி வெள்ளமாக வரும் ஃபிரக்டோஸைக் கல்லீரல்தான் ஏற்றுக் கையாள வேண்டியிருக்கிறது. தாங்காதபோது அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடத்திலேயே சேர்த்து வைக்கிறது. நாளாக ஆக வியாதிக்கு இப்படித்தான் வழி திறக்கிறது.

1977-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பத்துப் பேருக்கு ஒரே அளவு சர்க்கரைச் சத்தை மூன்று உருவத்தில் கொடுத்தார்கள்: முழு ஆப்பிள், கூழாக்கிய ஆப்பிள், ஆப்பிள் சாறு. முழுப் பழத்தைத் தின்பதைவிடச் சாற்றைக் குடித்து முடிப்பது பதினோரு மடங்கு வேகமாக நடந்தது. சாறு குடித்தபின் இன்சுலின் அதிகமாக ஏறியது. ரத்தச் சர்க்கரை பிறகு சரிந்து இறங்கியது. பசியும் சீக்கிரம் திரும்பியது. பழம் ஒன்றே. உருவம் மாறியதும் உடம்பு வேறு விதமாகப் பதில் சொல்லியது.

2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி இன்னும் பெரியது. அமெரிக்க நர்சுகள், மருத்துவ ஊழியர்கள் 1,87,382 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. முழுப் பழம் அதிகம் தின்றவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. குறிப்பாக நன்மை தெரிந்த பழங்களில் ஒன்று எது தெரியுமா? திராட்சை! அது நம் பன்னீர் திராட்சை அல்ல. இப்படிப்பட்ட ஆராய்ச்சி காரண காரியத்தை முழுதாக நிரூபித்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் துண்டுக்குள் போன அந்தக் குலைக்காக வாதாட இவ்வளவு சாட்சி போதும்.

இதற்காகச் சீனி வியாதிக்காரர் குலை குலையாகத் தின்னலாம் என்று நாம் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் போஷாக்கு நிலையம் எல்லோருக்கும் சொல்கிற அளவே நாளுக்கு நூறு கிராம் பழம்தான். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, டாக்டரிடம் கேட்டு, ஒரு கைப்பிடி தின்னலாம். தட்டு நிறையக் குவிக்கிற வெள்ளைச் சோற்றுக்கும் இந்த வியாதியில் பங்கு உண்டு என்பதை மறைப்பதும் சரியல்ல. ஆனால் சோறும் டீயும் இருந்த இடத்திலேயே இருக்க, பழத்தை மட்டும் நாடு கடத்துவது என்ன வைத்தியம்?

கம்பத்து ஜூஸ் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னீர் திராட்சையை மிக்ஸியில் அடித்து, வடிகட்டித் தோலையும் விதையையும் வாளியில் கொட்டி, அதாவது காவல்காரனை வெளியே தள்ளிவிட்டு, மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுக்கிறார்கள். வெயிலுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பழம் என்ற கணக்கில் எழுதாதீர்கள்.

வெல்லமும் தப்பாது

இங்கே நம்மவர் சிலருக்குக் கோபம் வரும். “சீனிதான் விஷம், நாங்கள் நாட்டுச் சர்க்கரைதான் சேர்க்கிறோம், கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கிறோம்” என்பார்கள். பழைய பழக்கத்தின்மேல் உள்ள பற்று நமக்கும் உண்டு. சூட்டோடு வெல்லப் பாகை வழித்துத் தின்ற ருசி மறக்கக் கூடியதல்ல. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். வெல்லத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். கொஞ்சம் தாது உப்பு இருக்கிறது. அதற்காக ஒருவர் தின்ன வேண்டிய வெல்லத்தின் அளவைப் பார்த்தால் நன்மையைவிடத் தீமையே முந்தும். தேனும் அப்படியே. உடம்புக்கு சுதேசி, விதேசி தெரியாது. பாரம்பரியம் என்ற பெயரில் இரண்டு மூன்று மடங்கு விலை வைத்து நாட்டுச் சர்க்கரையை மருந்துபோல் விற்கிற புது வியாபாரிகளையும் நாம் இந்த வழக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யார் அதிகம் சீனி தின்கிறார்கள்?

விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் தெருவில் நின்று பாருங்கள். ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். குமுளி வழியாக, கம்பம் மெட்டு வழியாக, போடி மெட்டு வழியாக மலை ஏறி, இடுக்கியில் நாள் முழுதும் குனிந்து வேலை பார்த்து, இருட்டுகிற நேரத்தில் இறங்குகிறார்கள். வீட்டில் ஆற அமர உட்கார்ந்து காலைப் பலகாரம் தின்ன அவர்களுக்கு நேரம் ஏது? ஒரு டீ, ஒரு பன். மலையில் ஒரு டீ. சோற்றுக்குப் பிறகு ஒரு டீ. வேலை விட்டதும் ஒரு டீ. வீட்டுக்கு வந்ததும் ஒன்று. டம்ளருக்கு இரண்டு கரண்டி, ஏறத்தாழ பத்து கிராம் என்று வைத்தால் ஐந்து டீயில் 50 கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் போட்ட உச்ச வரம்பு டீயிலேயே தீர்ந்துவிட்டது. பன்னிலுள்ள சீனி இன்னும் கணக்கில் வரவில்லை.

இதை நாக்கு ருசிக்காகச் செய்கிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் ஒரு நாள் அந்த ஜீப்பில் ஏறிப் பார்க்கட்டும். சீனி டீ பசியை அமுக்குகிறது; கைகால் நடுக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிறது. குறைந்த காசில், நின்றபடியே, மூன்று நிமிஷத்தில் கிடைக்கிற தெம்பு அது ஒன்றுதான். அந்தத் தாய்மாரிடம் போய்ச் “சர்க்கரைக் கணக்கு எழுதுங்கள், நாவைக் கட்டுங்கள்” என்று உபதேசம் செய்வது, கிணற்றில் விழுந்தவனிடம் ஈரத்தில் நிற்காதே என்று சொல்வது போன்றது. வேலை நேரத்தையும் கூலியையும் பேசாமல் சீனியைப் பற்றி மட்டும் பேசுகிற வைத்தியம் பாதி வைத்தியம்தான்.

“ரேஷனில் சீனி கொடுப்பதை நிறுத்திவிடலாமே” என்று சில கனவான்கள் யோசனை சொல்லக் கூடும். அவர்களுக்கும் ஒரு கணக்குக் காட்டுவோம். தமிழ்நாட்டில் அரிசிக் கார்டுக்குத் தலைக்கு மாதம் 500 கிராம், கார்டுக்கு அதிகபட்சம் இரண்டு கிலோ. நாலு பேர் குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 17 கிராமுக்கும் குறைவு! உலக ஸ்தாபனம் ‘இன்னும் நல்லது’ என்று சொன்ன 25 கிராமுக்குள் அது அடங்குகிறது. ரேஷன் சீனி குற்றவாளியல்ல. வெளியே நின்று குடிக்கும் டீ போக, மிச்சச் சீனி பெட்டிக்கடையில் தொங்கும் சரத்திலிருந்தும், கண்ணாடிக் கதவு போட்ட குளிர் பெட்டியிலிருந்தும், பால் பவுடரோடு கலந்த டப்பாக்களிலிருந்தும் வருகிறது. அதை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. கரண்டியால் அள்ளிப் போடுவதுமில்லை. போட்டு மூடி அனுப்புகிறார்கள்.

கைக்குழந்தையைக்கூட விடவில்லை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்ற ஸ்தாபனம், நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்கும் செரிலாக் குழந்தை உணவைச் சோதித்து வெளியிட்டது. ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்க்கப்பட்ட சர்க்கரை! ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே கம்பெனி விற்கும் அதே வகை உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை. ஐந்தாண்டுகளில் 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம் என்று கம்பெனி சமாதானம் சொல்லியது. குறைத்தது சரி, அங்கே போடாததை இங்கே ஏன் போட்டீர்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஐரோப்பியக் குழந்தையின் நாக்கு வேறு, ஆண்டிபட்டிக் குழந்தையின் நாக்கு வேறா?

காசு கொடுத்து வாங்கிய விஞ்ஞானம்

சீனியின் குற்றம் இத்தனை நாள் வெளியே வராமல் இருந்தது தற்செயல் அல்ல. 1965-ல் அமெரிக்கச் சீனி முதலாளிகளின் ஆராய்ச்சி ஸ்தாபனம், ஹார்வர்டு சர்வகலாசாலையின் விஞ்ஞானிகளுக்குச் சுமார் 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரைக்கு ஏற்பாடு செய்தது. 1967-ல் அக்கட்டுரை பிரபல மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இருதய நோய்க்குக் கொழுப்பே காரணம், சீனியைக் குறை சொல்வதற்கில்லை என்பது அதன் சாரம். பணம் எங்கிருந்து வந்தது என்று அதில் ஒரு வரி இல்லை. கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து இந்தக் கதையை அம்பலப்படுத்தியது 2016-ல். ஏறத்தாழ ஐம்பது வருஷம்! கொழுப்பும் குற்றமற்றதல்ல, ஆனால் அந்த ஐம்பது வருஷத்தில் உலகின் ரத்தத்தில் ஏறிய சீனிக்கு யார் கணக்குக் கொடுப்பது? 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சர்வே, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது.

படத்தில் பழம், பெட்டிக்குள் சீனி

அந்தப் பெண் குடித்த மாம்பழப் பானத்துக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ‘பழ பானம்’ என்று பெயர் போடப் பழச்சாறு பத்துச் சதவீதம் இருந்தால் போதும், எலுமிச்சைக்கு ஐந்து. பெட்டிக்குள் மிச்சமிருப்பதில் பெரும்பகுதி தண்ணீரும் சீனியும். வாசனைக்கு வாசனை, நிறத்துக்கு நிறம். பத்துச் சதவீதம் மாம்பழம் நூறு சதவீதப் படமாக அட்டையில் பழுத்துத் தொங்குகிறது! அடர்ந்த பாகில் தண்ணீர் கலந்து திரும்பவும் சாறாக்கிய சரக்கின் மேல் ‘நூறு சதவீதப் பழச்சாறு’ என்று எழுதி விற்பதை நிறுத்தும்படி அதே ஆணையம் 2024 ஜூனில் உத்தரவு போட வேண்டி வந்தது என்றால், அதுவரை நடந்த வியாபாரத்தை யோசித்துக் கொள்ளுங்கள்.

சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2020-ல் வந்திருக்கிறது. நல்லது. பெட்டியைத் திருப்பி, முதுகுப் பக்கத்தில், எறும்பெழுத்தில் தேடிப் பாருங்கள்; இருக்கும். எந்த மொழியில்? இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் கட்டாயமில்லை. சின்னமனூரில் விற்கிற சரக்கின் முதுகில், சின்னமனூர்த் தாய் படிக்க முடியாத பாஷையில், அவள் பிள்ளை குடிக்கும் சீனியின் கணக்கு எழுதியிருக்கிறது!

சிலி நாட்டில் 2016 ஜூனிலிருந்து சீனி மிகுந்த சரக்கின் முகத்திலேயே ‘சர்க்கரை அதிகம்’ என்று கறுப்பு எண்கோணத்தில் அச்சிட வேண்டும். அத்துடன் குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்துக்கும் பள்ளிக்கூட விற்பனைக்கும் தடை. ஒன்றரை ஆண்டுக்குள் அப்படி முத்திரை விழுந்த பானங்களை ஜனங்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது என்று ஆராய்ச்சி காட்டியது. எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் புரிகிற முத்திரை அது. நம் ஆணையமோ 2022 செப்டம்பரில் நட்சத்திரம் கொடுக்கும் திட்டம் ஒன்றை வரைந்தது. சீனிக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, பழமும் பருப்பும் சேர்த்தால் கூட்டிக் கொடுக்கும் திட்டம். கொஞ்சம் பழக்கூழைக் காட்டி நட்சத்திரம் வாங்கிக்கொள்ளக் கம்பெனிக்காரனுக்குச் சொல்லியா தர வேண்டும்? முன்பக்க எச்சரிக்கை கேட்டுப் போடப்பட்ட பொதுநல வழக்கில், மூன்று மாதத்துக்குள் சிபாரிசு செய்யும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்ல வேண்டி வந்தது.

வரியில் நடந்த விந்தை இதைவிடப் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. காஸ் அடைத்த சீனித் தண்ணீருக்கு 40 சதவீதம். காஸ் இல்லாத ‘பழ பானத்துக்கு’ 12 சதவீதம் இருந்ததை 5 ஆகக் குறைத்தார்கள்! சீனி இரண்டிலும் சீனிதான். குமிழி வந்தால் பாவம், மாம்பழப் படம் போட்டால் புண்ணியம் என்பது எந்த சாஸ்திரம்? வரியை ஏற்றி ஜனங்களைத் திருத்திவிடலாம் என்ற எண்ணம் நமக்குக் கிடையாது. மறைமுக வரி எதுவானாலும் கடைசியில் ஏழையின் தலையில்தான் விடியும். நாம் கேட்பது இதுதான்: பழத்துக்கென்று கொடுத்த சலுகையைப் பத்துச் சதவீதப் பழத்துக்கும் ஏன் கொடுத்தீர்கள்?

அந்தச் சலுகையால் பழம் விளைவித்தவனாவது வாழ்ந்தானா? கூழுக்கும் பானத்துக்கும் போகும் மாங்காயை மிகுதியாக விளைவிக்கும் கிருஷ்ணகிரியில் 2025 ஜூனில் விலை சரிந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு நிலைமை போயிற்று. அங்கே பழம் கேட்பாரற்றுக் கிடக்க, பெட்டிக்குள் பத்துச் சதவீதமே போதும் என்ற விதி இருக்கிறது. அந்தப் பத்தை உயர்த்தி, சேர்க்கும் சீனிக்கு உச்ச வரம்பு கட்டினால் கிருஷ்ணகிரிக்காரனின் பழமும் கொஞ்சம் விலை போகும், தேனிக் குழந்தையின் ஈரலும் கொஞ்சம் பிழைக்கும்.

பள்ளத்தாக்கின் பழம் யாருக்கு?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கே.கே.பட்டி என்று ஊருக்கு ஊர் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, வருஷம் முழுதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கும் இடம் இந்தியாவில் எத்தனை இருக்கிறது? பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கவாத்து வெட்டி நாலு மாதம் கடன் வாங்கிக் காத்த பழம், ஐப்பசி மழையில் நனைந்தால் வெடித்துப் போகிறது. பழுத்தபின் பந்தலில் வைத்திருக்க முடியாது. போதிய குளிர்சாதனக் கிடங்கும் கையில் இல்லை. வியாபாரி சொன்னதே விலை. பெட்டியில் அடுக்கியது கேரளத்துக்கும் சென்னைக்கும் போகிறது. சின்னமனூர்ப் பக்கத்து வாழைத்தார்களும் லாரி ஏறுகின்றன. அவற்றைச் சுமந்து ஏற்றியவரின் பிள்ளை ஐந்து ரூபாய் பிஸ்கட்டோடு பள்ளிக்கூடம் போகிறது.

வியாதி வந்தபின் சர்க்கார் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு மாத்திரை வாசலுக்கு வந்தது. ஏழைகளுக்கு அது பெரிய உதவி, அதை நாம் வாயார வரவேற்றோம். மாத்திரை வாசலுக்கு வர வழி உண்டு என்றால் பழம் வர ஏன் வழியில்லை?

வழி ஏற்கெனவே பாதி போட்டாயிற்று. சத்துணவில் முட்டை தின்னாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு பல வருஷமாக இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் பரவியிருக்கிறது. முட்டை தின்கிற குழந்தைக்கும் பழம் வேண்டும் என்று முடிவெடுக்க இனி என்ன ஆராய்ச்சி பாக்கி? தேனி மாவட்டத்தில் முதலில் செய்து பார்க்கட்டும். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் மூலம், இடைத்தரகர் இல்லாமல், கட்டுப்படியான விலையில் சர்க்காரே வாங்கட்டும். திராட்சை மலிந்த வாரம் திராட்சை, மற்ற வாரம் வாழை, சித்திரை வைகாசியில் பெரியகுளத்து மா, கொய்யாக் காலத்தில் கொய்யா. குழந்தைக்கு நாளொன்றுக்கு நூறு கிராம். கழுவி, தோலோடு, விதையோடு, முழுப் பழமாக. சாறாக்கிப் பெட்டியில் அடைத்துக் கொடுக்கக் கம்பெனிக்காரர் யாராவது டெண்டரோடு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

சேர்த்த சீனியின் அளவு பெட்டியின் முகத்தில், தமிழில், பெரிய எழுத்தில் வர வேண்டும். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே அதன் விளம்பரப் பலகை நிற்கக் கூடாது. செல்போன் கணக்கு எழுதும் வாலிபர்களும் நாளைக்கே ஒன்று செய்யலாம்: ‘மொத்தச் சர்க்கரை’ என்ற பத்தியை விட்டுவிட்டு, டீ, ஜூஸ், பிஸ்கட், பாட்டில், பெட்டி இவற்றுக்கு மட்டும் ஒரு தனிப் பத்தி போட்டு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அப்பாவின் டீயையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கச் சொல்லுங்கள், அடுத்த மாதம் ஒன்றாக்கச் சொல்லுங்கள். துண்டில் முடிந்திருக்கும் குலையிலிருந்து ஒரு கைப்பிடியை, டாக்டர் சொன்ன அளவில், அவர் கையிலேயே கொடுங்கள்.

மற்றதைச் சர்க்காரிடம்தான் கேட்டாக வேண்டும். காமயகவுண்டன்பட்டிப் பந்தலில் காலை ஆறு மணிக்குப் பறித்த பழம், ஒன்பது மணிக்குள் கம்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர ஒரு சின்ன வேன் போதும்.